மடியில் கனம் இல்லாதவர் யார்? கைப்பேசிப் பூட்டும் அரசின் மாற்றுச்சாவியும்

பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன் ஒருவர் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். உறவில் எனக்கு அண்ணன் முறை. அவர் எழுதியதன் சாரம் இது: "பக்கத்து வீட்டு ஆசிரியை ஒருவர், அதிகாரிகள்போல் நடித்துப் பணம் பறிக்கும் மக்காவ் மோசடிக் கும்பலிடம் தம் சேமிப்பைப் பறிகொடுத்துவிட்டார். கும்பல் முழுக்க முழுக்க வாட்ஸ்ஆப்பில்தான் பேசியிருக்கிறது. அந்தச் செய்திகளை நிறுவனமே படிக்க முடியாதாம், போலீசும் படிக்க முடியாதாம். நீதிமன்ற உத்தரவோடு போனாலும் திறக்காத பூட்டை எதற்காகப் பொதுமக்கள் கையில் கொடுக்கவேண்டும்? போலீசுக்கென்று ஒரு சாவி இருந்தால் என்ன குறைந்துவிடும்? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் எதற்குத் தங்கச்சி?"

அண்ணே, திருடனைத் துரத்திப் பிடித்தே வாழ்நாளைக் கழித்தவர் நீங்கள். உங்கள் கேள்விக்கு மேம்போக்காகப் பதில் எழுதுவது மரியாதையாகாது. அதனால் என் முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களைச் சற்று நீட்டியே எழுதுகிறேன். அந்தப் பூட்டு மக்கள் கையில் இருக்கத்தான் வேண்டும். அதற்கு மாற்றுச்சாவி செய்யக்கூடாது. போலீஸ் மீது அவநம்பிக்கை கொண்டு இதைச் சொல்லவில்லை. மாற்றுச்சாவி உள்ள பூட்டு எப்படி நடந்துகொள்ளும் என்பதை என் தொழிலில் கண்ணால் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

முதலில் அந்த ஆசிரியையின் விஷயம். வாட்ஸ்ஆப்பில் (நம்மில் பலர் புலனம் என்கிறோம்) 2016 ஏப்ரல் முதல் எல்லாச் செய்திகளும் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகின்றன. அனுப்புகிறவரின் கைப்பேசியில் பூட்டப்பட்டு, பெறுகிறவரின் கைப்பேசியில்தான் திறக்கிறது. நடுவில் இருக்கும் நிறுவனம், தொலைத்தொடர்புக் கம்பி, செல்கோபுரம் எல்லாமே பூட்டிய பெட்டியைத்தான் பார்க்கின்றன. ஆனால் இந்த வழக்கில் ஒரு முனை யார்? ஆசிரியைதான். கும்பல் அனுப்பிய ஒவ்வொரு வரியும் அவருடைய கைப்பேசியில் திறந்தே கிடக்கிறது. அவர் அதைப் புகாரோடு போலீசிடம் காட்டினால் போதும், எந்தப் பூட்டையும் உடைக்கவேண்டியதில்லை. இத்தகைய வழக்குகளில் விசாரணை முட்டுக்கட்டையில் நிற்பது வேறு இடத்தில். பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு வாடகைக்கு விடப்பட்ட கணக்காக இருக்கும். சிம் கார்டு யாரோ ஓர் ஏழைத் தொழிலாளியின் பெயரில் இருக்கும். பேசியவன் எல்லை தாண்டி எங்கோ உட்கார்ந்திருப்பான். பணம் போனவுடன் 997 எண்ணுக்கு அழைத்தால் கணக்கை முடக்க வழியுண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய அந்தத் தேசிய மோசடி எதிர்ப்பு மையம் இதற்காகத்தான் இருக்கிறது. தாமதமாக அழைத்தால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். ஆசிரியையின் மைகாட் (மலேசிய அடையாள அட்டை) எண்ணும் வீட்டு முகவரியும் அந்தக் கும்பலுக்கு எப்படித் தெரிந்தன? 2017 அக்டோபரில் மலேசியக் கைப்பேசி வாடிக்கையாளர்களின் 4 கோடியே 62 இலட்சம் பதிவுகள் கசிந்தது வெளியே வந்தது. அன்று நாட்டின் மக்கள்தொகையே சுமார் 3 கோடியே 20 இலட்சம். கைப்பேசி எண், அடையாள அட்டை எண், முகவரி, சிம் விவரம் எல்லாம் அதில் இருந்தன. ஆசிரியையின் விவரம் அதிலிருந்துதான் போனது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தக் கும்பல்களுக்குத் தீனி போடுவது இப்படிப்பட்ட கசிவுகள்தான். பூட்டு கெட்டியாக இருந்ததால் அவர் ஏமாறவில்லை. பூட்டே போடாமல் எங்கெங்கோ குவித்து வைத்த விவரங்கள்தான் கும்பலை அவர் வாசலுக்குக் கொண்டுவந்தன.

இனி மாற்றுச்சாவிக்கு வருகிறேன்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒரு சிப்புக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கும். வெளியே தெரிவதோ சில நூறு கால்கள். உள்ளே ஏதோ ஒரு மூலையில் பழுது இருந்தால் வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காகவே வடிவமைக்கும்போது ஒரு வழி வைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான பதிவகங்களை (தரவைத் தாங்கும் சிறு அறைகளை) ஒரு மாலைபோல் கோத்து, ஒரு முனையில் சோதனைப் பிட்டுகளைத் தள்ளி, மறுமுனையில் வெளியே வருவதைப் படிப்போம். ஸ்கேன் சங்கிலி என்பது அதன் பெயர். கோவிலின் பெரிய கதவுக்குள் சின்னதாக ஒரு திட்டிவாசல் இருக்குமே, அதைப் போன்றது. அது இல்லாவிட்டால் எங்களால் வேலையே செய்யமுடியாது.

அந்தத் திட்டிவாசல் திறந்திருக்கும் நேரத்தில் சிப்புக்குள் இரகசியம் என்று எதுவுமே கிடையாது. வங்கி அட்டையிலோ கைப்பேசியிலோ மறையாக்கச் சாவியைச் சுமக்கப்போகும் சிப்பாக இருந்தால், சோதனை முடிந்ததும் உள்ளே இருக்கும் நுண்ணிய ஃபியூஸ்களை எரித்து அந்த வழியை நிரந்தரமாக அடைத்துவிடவேண்டும். அடைக்காமல் ஒரு தொகுதி வெளியே போய்விட்டால் என்ன ஆகும் என்ற எண்ணமே இரவு வேலையில் எங்களைத் தூங்கவிடாது. 2004இல் ஆய்வாளர்கள் சிலர் இதே சங்கிலி வழியாக ஒரு மறையாக்கச் சிப்பின் சாவியைக் கறந்துவிட முடியும் என்று விளக்கினார்கள். மறையாக்கக் கணக்கில் ஒரு குறையும் இல்லை, நல்ல நோக்கத்தோடு வைத்த சோதனை வழிதான் காட்டிக்கொடுத்தது. ஒரு வழி இருந்தால் அதன் வழியே வருகிறவர் பொறியாளரா திருடரா என்று சிலிக்கானுக்குத் தெரியாது அண்ணே. நீங்கள் கேட்கும் போலீஸ் சாவியும் இப்படிப்பட்ட ஒரு திட்டிவாசல்தான். ஒரு வேறுபாடு உண்டு. நாங்கள் சோதனை முடிந்ததும் அடைத்துவிடுவோம். அரசு கேட்பதோ என்றைக்கும் திறக்கக்கூடிய வாசல், எல்லாருடைய கைப்பேசியிலும்.

மறையாக்கம் பொதுமக்களுக்கு வந்து சேர்ந்தது நீண்ட கதை. அதில் நம் பினாங்குக்கும் ஓர் இடம் உண்டு. ஜப்பானியர் காலத்தில், 1943 முதல், ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் பினாங்கைத் தளமாக்கிக்கொண்டு இந்தியப் பெருங்கடலில் வேட்டையாடின. எனிக்மா என்ற மறையாக்க இயந்திரத்தை நம்பித்தான் அவை செய்தி அனுப்பின. அந்தச் செய்திகளை இங்கிலாந்தில் மறையாக்கத்தை உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில் படித்துக்கொண்டிருந்தார்கள். 1944 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அந்தக் கப்பல்களுக்கு எண்ணெய் கொண்டுவந்த சார்லட் ஷ்லீமன், பிராக்கே என்ற இரு கப்பல்களும் மூழ்கியதற்குப் பின்னால் உடைக்கப்பட்ட எனிக்மா செய்திகள் இருந்தன. அந்தக் காலத்தில் மறையாக்கம் என்பது படைகளும் தூதரகங்களும் மட்டுமே கையாண்ட சரக்கு. தோட்டத்துத் தொழிலாளிக்கோ கடைக்காரருக்கோ அதில் பங்கில்லை.

அந்த நிலையை மாற்றியவை இரண்டு கண்டுபிடிப்புகள். 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும், முன்பின் சந்திக்காத இருவர் எல்லாரும் ஒட்டுக்கேட்கும் கம்பியிலேயே ஓர் இரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமிர், ஏடெல்மன் மூவரும் பூட்ட ஒரு சாவி, திறக்க வேறொரு சாவி என்ற முறையைச் செய்துகாட்டினார்கள். அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் தபால் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் கடிதம் போடலாம், திறப்பது வீட்டுக்காரர் மட்டுமே. பிரிட்டிஷ் உளவுத்துறை இதைச் சில ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்து மறைத்து வைத்திருந்தது 1997இல்தான் வெளியே தெரிந்தது. அரசு பூட்டி வைத்ததைப் பல்கலைக்கழகம் ஊருக்குக் கொடுத்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த செய்தி.

1991இல் ஃபில் சிம்மர்மன் பிஜிபி என்ற மறையாக்க மென்பொருளை எழுதி, சாதாரணக் கணினியில் எவரும் பயன்படுத்தும்படி செய்தார். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வலுவான மறையாக்கம் ஆயுதப் பட்டியலில் இருந்தது. ஆயுதத்தை அனுமதியின்றி ஏற்றுமதி செய்தாரா என்று அவரை மூன்று ஆண்டுகள் விசாரித்து, 1996 ஜனவரியில் வழக்குத் தொடராமல் விட்டுவிட்டார்கள். இடையில் அவர் அந்த நிரலையே புத்தகமாக அச்சிட்டு வெளியிட்டார். புத்தகத்தைத் துப்பாக்கி என்று யார் சொல்லமுடியும்?

அதே காலத்தில் நமக்கெல்லாம் கிடைத்தது என்ன தெரியுமா? அமெரிக்காவுக்கு வெளியே விற்ற இணைய உலாவியில் 40 பிட் சாவிதான் இருக்கலாம். உள்நாட்டுக்கு 128 பிட். பிட் கூடக்கூடப் பூட்டை உடைப்பது கடினம். கோலாலம்பூரில் இருந்தவருக்கும் பினாங்கில் இருந்தவருக்கும் வேண்டுமென்றே மெலிதாக்கிய பூட்டு. 1995இல் பிரான்சில் ஓர் ஆய்வாளர் அந்த 40 பிட் பூட்டை 8 நாள்களில் உடைத்தார். 2000இல் இந்தக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தளர்ந்தன, ஆனால் பழைய மெலிந்த பூட்டு மென்பொருள்களின் அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. 2015இல் ஃபிரீக் என்ற தாக்குதல் வெளியானபோது, அந்தத் துருப்பிடித்த பூட்டைப் பயன்படுத்தும்படி இன்றைய உலாவிகளை ஏமாற்றமுடியும் என்று தெரிந்தது. பாதிக்கப்பட்ட இணையத்தளங்களில் அமெரிக்க அரசின் தளங்களே இருந்தன. அயலாருக்கென்று தோண்டிய குழி இருபது ஆண்டு கழித்து வீட்டுக்காரரின் காலடியிலேயே வாய் திறந்தது.

நீங்கள் கேட்கும் அதே மாற்றுச்சாவியை 1993இல் கிளிண்டன் அரசு செய்தே பார்த்தது. கிளிப்பர் என்று பெயர். தொலைபேசிக்குள் வைக்கும் ஒரு சிப். ஒவ்வொரு சிப்பின் சாவியையும் இரண்டு பாதியாக்கி இரண்டு அரசு அலுவலகங்கள் பாதுகாக்கும், உத்தரவு வந்தால் இரண்டையும் சேர்த்துத் திறக்கலாம் என்பது ஏற்பாடு. உங்கள் கடிதத்தில் இருக்கும் யோசனையைவிடக் கவனமான யோசனை அது. 1994இல் மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர், அரசு அடையாளம் காண வைத்திருந்த பகுதியின் சரிபார்ப்பு எண் 16 பிட்தான், முயன்று பார்த்தே போலி செய்யக்கூடிய அளவுக்குச் சின்னது, என்பதைக் கவனித்தார். போலி எண்ணைப் புகுத்தினால் மறையாக்கம் வேலை செய்யும், அரசின் சாவி மட்டும் வேலை செய்யாது. குற்றவாளி தப்பிவிடுவான், நேர்மையானவர் மட்டும் திறந்த பெட்டியோடு இருப்பார். திட்டம் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

அது பழைய கதை, இப்போது நன்றாகச் செய்யலாமே என்று கேட்பீர்கள். மாற்றுச்சாவி நிஜமாகவே பொருத்தப்பட்ட இடங்களில் நடந்த மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். இவற்றைப் படித்த பிறகுதான் என் மனம் முழுமையாக ஒரு பக்கம் சாய்ந்தது.

முதலாவது ஏதென்ஸ். 2004 ஒலிம்பிக் நடந்த சமயம். ஒரு பெரிய கைப்பேசி நிறுவனத்தின் இணைப்பகங்களில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கான மென்பொருள் பகுதி ஏற்கெனவே உள்ளே இருந்தது. அந்த நிறுவனம் அதைப் பயன்பாட்டில் வைத்திருக்கவில்லை. யாரோ உள்ளே புகுந்து அதை ஓசையின்றி இயக்கிவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பேச்சு மாதக்கணக்கில் கேட்கப்பட்டது. அவர்களில் ஒருவர் கிரேக்கப் பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ். 2005 மார்ச்சில் அது கண்டுபிடிக்கப்பட்ட சில நாள்களில் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தூக்கில் இறந்து கிடந்தார். என் தொழிலைச் சேர்ந்த ஒரு மனிதரின் முடிவு அது. இன்றும் அதைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

இரண்டாவது அமெரிக்கா. 1994இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. தொலைபேசி நிறுவனங்கள் எல்லாம் அரசு கேட்டால் ஒட்டுக்கேட்க வசதி செய்து வைத்திருக்கவேண்டும். 30 ஆண்டு கழித்து, 2024இல், சீனாவோடு தொடர்புடையதாக அமெரிக்கா சொல்லும் 'சால்ட் டைஃபூன்' என்ற ஊடுருவல் குழு அந்த நிறுவனங்களுக்குள் புகுந்து, அந்த ஒட்டுக்கேட்பு வசதிகளையே தொட்டுவிட்டது தெரியவந்தது. டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகள் தங்கள் மக்களுக்குச் சொன்ன அறிவுரை என்ன? முனைக்கு முனை மறையாக்கம் உள்ள செயலிகளைப் பயன்படுத்துங்கள் என்பது. அத்தகைய மறையாக்கம் விசாரணைக்குத் தடையென்று ஆண்டுக்கணக்கில் வாதிட்ட எஃப்பிஐயும் (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பும்) அந்த அறிவுரை கொடுத்தவர்களில் ஒன்று.

மூன்றாவது நம்மையே தொடுகிறது. சுவிட்சர்லாந்தில் கிரிப்டோ ஏஜி என்றொரு நிறுவனம் பல பத்தாண்டுகளாக உலக நாடுகளுக்கு மறையாக்க இயந்திரங்களை விற்றது. 100க்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கின. 2020 பிப்ரவரியில் வெளியான உண்மை: 1970 முதல் அந்த நிறுவனத்தின் இரகசிய உரிமையாளர்கள் அமெரிக்காவின் சிஐஏவும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும். விற்ற இயந்திரங்களில் தாங்கள் படிப்பதற்கு வழி வைத்தே விற்றார்கள். வாங்கிய நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது, மலேசியாவும் இருந்தது. வேலி விற்றவரே பயிரை மேய்ந்தார். நம் அரசின் தலைமையகமான புத்ராஜெயாவில் இருப்பவர்கள் மாற்றுச்சாவி கேட்கும் முன் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். திட்டிவாசல் வைத்த பூட்டால் ஏமாற்றப்பட்ட அரசு நம்முடையது.

இனி உங்கள் கடிதத்தில் இருக்கும் 'நீதிமன்ற உத்தரவு' என்ற சொல். இதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். நம் நாட்டில் உரையாடலை இடைமறிக்க நீதிபதியின் கையெழுத்து தேவையில்லை. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 252ஆம் பிரிவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116சி பிரிவும் அந்த அதிகாரத்தை அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் கொடுக்கின்றன. 2012இல் வந்த பாதுகாப்புக் குற்றங்கள் சட்டமான சொஸ்மாவின் 6ஆம் பிரிவும் அப்படித்தான். அவசரம் என்றால் சூப்ரிண்டெண்டென்ட் தகுதியுள்ள போலீஸ் அதிகாரி முன் அனுமதி இல்லாமலேயே தொடங்கலாம் என்றும் அது சொல்கிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் யார்? சட்டத்துறைத் தலைவர். அவரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கிறார். இந்த இரண்டு பொறுப்புகளையும் பிரிக்கவேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளையது. ஆக, விசாரிக்கிற தரப்பும் அனுமதி கொடுக்கிற தரப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இந்த ஏற்பாட்டில் ஒரு மாற்றுச்சாவியையும் சேர்த்துக் கொடுத்தால், இடையில் நின்று 'ஏன்?' என்று கேட்க யாருமே இல்லை.

சட்டத்தில் போலீசுக்கு வழியே இல்லை என்பதும் சரியன்று. அதே 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 249ஆம் பிரிவு, சோதனையின்போது கணினித் தரவுக்கு அனுமதி தரவேண்டும் என்கிறது. கடவுச்சொல்லும் மறைவிலக்கும் குறியீடும் அதில் அடக்கம். அதாவது, சந்தேக நபரின் கைப்பேசியை முறைப்படி கைப்பற்றித் திறக்கும் அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. ஒருவருடைய பெட்டியைக் காரணம் காட்டித் திறப்பதில் எனக்கு மறுப்பில்லை. எல்லாருடைய பெட்டியும் எப்போதும் திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதைத்தான் மறுக்கிறேன். அந்தரங்கம் என்ற உரிமை அரசமைப்பின் 5ஆம் பிரிவு சொல்லும் தனிமனித சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று 2010இல் சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. வழக்குத் தொடுத்தவர் நம்மவர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்பதையும் மறந்துவிடமுடியாது. தனியார் கடைக்காரர் என் எண்ணைத் தவறாகக் கையாண்டால் எனக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அரசு கையாண்டால் அந்தச் சட்டம் என் பக்கம் வராது.

இப்போது பழமொழிக்கு வருகிறேன். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம். நல்ல பழமொழி. ஆனால் இது யாரைக் கண்டு வரும் பயம் அண்ணே? வழிப்பறிக்காரனைக் கண்டு. மடியில் கனம் வைத்திருப்பவன் குற்றவாளி என்று அந்தப் பழமொழி சொல்லவே இல்லை. சந்தையில் மாடு விற்று வீடு திரும்புகிற உழவனின் பயம் அது. இன்றைக்குக் கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவர் மடியிலும் அந்தக் கனம் இருக்கிறது. வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, மகளின் திருமணப் பேச்சு, பங்காளிகளின் நிலத்தகராறு, மைகாட் படம். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் வங்கிகளிடம் எஸ்எம்எஸ் வழிக் கடவு எண்களைக் கைவிட்டு இன்னும் பாதுகாப்பான முறைக்கு மாறச் சொன்னது எதனால்? எஸ்எம்எஸ் அத்தனை பாதுகாப்பில்லாதது என்பதால். ஒரே அரசின் ஒரு கை பூட்டை வலுவாக்கச் சொல்லும்போது இன்னொரு கை அதைத் தளர்த்தச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

மடியில் இருப்பது கனமா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை என்பது இதைவிடப் பெரிய சிக்கல். பார்க்கிறவர் முடிவு செய்கிறார். 2019 அக்டோபர் நினைவிருக்கிறதா? விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி 12 பேரைச் சொஸ்மாவில் பிடித்தார்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் இருவரும் அதில் அடக்கம். மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்குகளை மீட்டுக்கொண்டார். கைப்பேசியிலோ முகநூலிலோ தலைவர்களின் படத்தை வைத்திருப்பதனால் ஒருவர் பயங்கரவாதியாகிவிடமாட்டார் என்பது அவர் தந்த விளக்கத்தின் ஒரு பகுதி. அண்ணே, உங்கள் கைப்பேசியைத் திறந்து படத்தொகுப்பைப் பாருங்கள். கோவில் குழு, உறவினர் குழு, பழைய மாணவர் குழு என்று நாள்தோறும் தானாக வந்து சேரும் படங்களில், யார் எதை நீட்டினால் எந்தச் சட்டத்தில் பிடிக்கலாம் என்று நம்மில் யாருக்குத் தெரியும்? 2007 நவம்பரில் இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் பேரணிக்குப் பிறகு ஐந்து பேர் விசாரணையின்றி இசாவில் (உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில்) அடைக்கப்பட்டபோது, அன்றைக்கு ஆட்சியில் இருந்தவர்கள் அதையும் நாட்டுப் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள். இசா 2012இல் நீங்கியது. சட்டங்களும் ஆட்சிகளும் மாறும், ஆனால் சேகரித்த உரையாடல் அழியாது. அடுத்து யார் கைக்குப் போகும் என்பது இன்று சாவி கேட்பவருக்கும் தெரியாது.

உங்கள் தரப்பில் உள்ள நியாயத்தை நான் ஒதுக்கவில்லை. குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களைப் பரிமாறுபவர்கள் இந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒளிகிறார்கள் என்பது உண்மை. சில குற்றங்கள் கண்டுபிடிக்கப்படாமலே போகும். அதை மறைத்துவிட்டு நான் வாதிட்டால் அது நேர்மையாகாது. அந்த விலையை அறிந்தே, மாற்றுச்சாவியின் விலை அதைவிடப் பெரியது என்கிறேன். எல்லாருக்கும் பூட்டை மெலிதாக்கினால் அந்தக் கயவர்கள் வேறொரு மென்பொருளை இறக்கிக்கொள்வார்கள். மறையாக்கத்தின் கணக்கு நூலகத்தில் கிடக்கிறது, அதை யாரும் திரும்ப வாங்கமுடியாது. மெலிந்த பூட்டோடு மிஞ்சுவது அந்த ஆசிரியையும் நீங்களும் நானும்.

போலீஸ் வேலை நின்றுபோவதும் இல்லை. 2021 ஜூனில் என்ன நடந்தது என்று பாருங்கள். எஃப்பிஐயும் ஆஸ்திரேலியப் போலீசும் சேர்ந்து, குற்றக் கும்பல்களுக்கென்றே ஏஎன்ஓஎம் என்ற 'பாதுகாப்பான' கைப்பேசியைப் புழக்கத்தில் விட்டார்கள். சுமார் 12,000 கருவிகள். கும்பல்கள் அதை நம்பிப் பேசின, போலீஸ் படித்தது. உலகம் முழுவதும் 800க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். சாதாரண மக்களின் ஒரு பூட்டையும் அதற்காகத் தொடவில்லை. ஆள் வைத்துத் துப்பறிவது, வலை விரிப்பது, முனையைக் கைப்பற்றுவது எல்லாம் உங்கள் காலத்துக் கலைதான். ஆனால் குறிவைத்துக் கைப்பேசிக்குள் புகும் உளவு மென்பொருளுக்கும் கடிவாளம் வேண்டும். 2015இல் ஹேக்கிங் டீம் என்ற இத்தாலிய நிறுவனத்தின் உள்கோப்புகள் கசிந்தபோது, அதன் வாடிக்கையாளர் பட்டியலில் மலேசிய அரசு அமைப்புகளும் இருந்தன. எந்தச் சட்டப்படி, யாருடைய அனுமதியோடு, யார்மீது பயன்படுத்தினார்கள்? அதற்கு நீதிபதியின் கையெழுத்து கட்டாயம் என்று ஆகும்வரை எனக்கு நிம்மதியில்லை.

மறையாக்கம் எதையெல்லாம் மறைக்காது என்பதையும் சொல்லவேண்டும். நீங்கள் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசினீர்கள் என்ற தடம் மறைவதில்லை. செல்கோபுரத்துக்கு உங்கள் இருப்பிடம் தெரியும். 2025 ஜூனில், தொடர்பு பல்லூடக ஆணையம் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் அழைப்பு, இணையப் பயன்பாட்டுப் பதிவுகளைக் கேட்டிருந்தது செய்தியானது. ஆள் அடையாளம் நீக்கப்பட்ட தரவு, சுற்றுலா, தொழில்நுட்பப் புள்ளிவிவரங்களுக்காக என்று ஆணையம் விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்தை ஏற்றாலும், இப்படிப்பட்ட தடத்திலிருந்து ஆளைக் கண்டுபிடிப்பது கடினமில்லை என்பதை என் துறையினர் அறிவார்கள். இரவில் எந்தக் கோபுரத்தின் கீழ், பகலில் எந்தக் கோபுரத்தின் கீழ் என்று தெரிந்தால் வீடும் வேலையிடமும் தெரிந்துவிடும். இதைச் சொல்வது ஒரு காரணத்துக்காக. உளவறியும் துறைகள் இருட்டில் தவிக்கின்றன என்ற வாதத்தை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. முந்திய தலைமுறைப் போலீஸ் கனவிலும் காணாத தடயம் இன்று அவர்களிடம் இருக்கிறது.

உலகில் இந்த இழுபறி ஓயவில்லை. பிரிட்டன் கொடுத்த நெருக்கடியில் ஆப்பிள் நிறுவனம் 2025 பிப்ரவரியில் அங்கே தன் வலுவான மேகச் சேமிப்பு (கிளவுட்) பாதுகாப்பையே நிறுத்தியது. இந்தியாவில் 2021 விதிகளின்படி ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்டவேண்டும் என்ற நிபந்தனையை வாட்ஸ்ஆப் டில்லி உயர்நீதிமன்றத்தில் எதிர்க்கிறது. நம் நாட்டில் 2025 ஜனவரி முதல் 80 இலட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களும் செய்திச் செயலிகளும் உரிமம் பெறவேண்டும் என்ற விதி வந்தது. உரிமம் கொடுப்பவர் நாளை என்ன கேட்டாலும் பெறுபவர் ஏதாவது பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆகவே இந்தக் கேள்வி நம் வாசலுக்கும் வரும். அப்போது உங்களைப் போன்ற ஒரு முன்னாள் போலீஸ்காரர், "சாவி வேண்டாம், நீதிபதி வேண்டும்" என்று நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதினால், அது நான் எழுதும் பத்துக் கடிதங்களுக்குச் சமம்.

அதுவரை உங்கள் கைப்பேசியில் சில வேலைகள் இருக்கின்றன. வாட்ஸ்ஆப்பில் இரு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்க எண் வைத்துக்கொள்ளுங்கள். பழைய செய்திகளை மேகத்தில் சேமிக்கிறீர்கள் என்றால், அந்தச் சேமிப்புக்குத் தனியாக மறையாக்கத்தை இயக்கவேண்டும். இல்லாவிட்டால் முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்ததாகிவிடும். டெலிகிராம்தான் மிக இரகசியமானது என்று உங்கள் மகன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதில் சாதாரண உரையாடல் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை, 'இரகசிய உரையாடல்' என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு. படங்கள் தானாக இறங்குவதை அமைப்புகளில் நிறுத்திவிடுங்கள்.

வாட்ஸ்ஆப்பில் ஒவ்வொரு தொடர்புக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்று இருக்கிறது. என் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் அது ஒன்றாக இருந்தால் நடுவில் வேறு யாரும் இல்லை என்று பொருள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வரும்போது கைப்பேசியை எடுத்து வாருங்கள். அண்ணியையும் அந்த ஆசிரியையையும் அழைத்து வாருங்கள். பூசை முடிந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுவோம்.